கதவைத் திறந்து வைத்தவர்

கயானியில் நவம்பர் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
நூலகத்தின் வரைபட அறையில்
ஐந்து ஜோடி பூட்ஸ் கதவோரம் பனியை வடித்துக்கொண்டிருக்க
நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஐந்தாவது ஜோடி யாருடையது என்று
யாரும் கேட்கவில்லை.
மேஜையில் ஏலக்காய் ரொட்டி, ஒரு கேசட் பிளேயர்,
இன்னும் பிரிக்காத ஒரு கடிதம்.

முப்பத்தொரு வருஷம் வானொலியில் பறந்த கப்பல் குவோவி.
அறுநூற்றுச் சொச்சம் பாகங்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டாவதில் கேப்டன் சாகிறார்.
மூச்சுக்கு மூச்சு இரைச்சல்,
பிறகு மௌனம்,
மௌனத்துக்கும் பிறகு ஒரே ஒரு வாக்கியம்:
கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
அவர்கள் மொழியில் ஹேன் என்று ஒரு சொல்.
ஆணும் அதுதான் பெண்ணும் அதுதான்.
நம் வினைச்சொல்லோ வாலை ஆட்டி
ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.
போனான் என்றால் ஒன்னி கைதட்டுவார்.
போனாள் என்றால் மேரி.
போனார் என்று எழுதி
மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

ஒன்னி பஸ் ஓட்டுபவர்.
கதவுகளைப் பற்றி அவருக்குத் தெரியும்.
'எஞ்சினியர் ரௌனோதான். தொண்ணூறாம் பாகத்தில்
காற்றறையைப் பூட்ட மறந்தவன் வேறு யார்?
மறதியும் ஒரு கையெழுத்து.'

'மறதியா?' என்கிறார் மேரி.
'இர்யா திரும்பி வரப் போகிறாள்,
அதற்காகத் திறந்து வைத்தாள்.
அந்தக் குரலைக் கேளுங்கள். அது புகாரா?'
நாடாவைப் பின்னே ஓட்டுகிறார்.
ஓட்டி ஓட்டி அந்த இடம் தேய்ந்து
கேப்டன் இப்போது தண்ணீருக்கடியில் சாகிறார்.

யால்மரி ரொட்டியை விழுங்கிவிட்டு வருகிறார்.
'வீட்டில் நாம் யாரை ஹேன் என்கிறோம்?
மந்திரியை அது என்கிறோம். மாமனாரை அது என்கிறோம்.
நாயைத்தானே ஹேன் என்று கொஞ்சுகிறோம்.
கப்பலில் நாய் இருந்ததே!'

'நாற்பதாம் பாகத்திலேயே செத்துப்போச்சு.'

'உடலைக் காட்டினார்களா?'

'வானொலியில்?'

ஹில்க்கா பேசவில்லை.
காகித ஆலையில் தாள் எண்ணி ஓய்வு பெற்றவர்.
இருபது வருஷக் கூட்டங்களில்
ஒரு பெயரையும் சொன்னதில்லை.

எழுதிய ஆசிரியர் பதில் சொல்லாமலே இறந்துவிட்டார்.
கேப்டனாக நடித்தவர் இருக்கிறார்.
எண்பத்தொன்பது வயது. மார்ச்சில் எழுதிக் கேட்டார்கள்.
மேரி உறையைக் கிழிக்கிறார்.

'பிரதியில் அந்த வாக்கியமே கிடையாது.
நான் செத்து முடித்துவிட்டேன்.
ஸ்டூடியோக் கதவு திறந்து கிடந்தது.
கணுக்கால் வழியாகக் குளிர் ஏறியது.
எரிச்சலில் வாய்விட்டுச் சொன்னேன்.
இயக்குநர் வெட்டவில்லை, இருக்கட்டும் என்றார்.
யார் திறந்து வைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.
நன்றாக நினைவிருக்கிறது.
ஹேன்தான். வேறு யார்.'

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் முனகியது.

பிறகு ஒன்னி மெதுவாக:
'அன்றைக்கு ஸ்டூடியோவில் யார் யாருக்கு வேலை?'
மேரி புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டாயிற்று.
'குரைத்த நாய்,' என்றார் யால்மரி,
'அது நிஜ நாயா, ஒலிநாடாவா?'

எட்டு மணிக்கு யாரோ நிமிர்ந்து பார்த்தபோது
ஹில்க்காவின் நாற்காலி காலி.
அவருடைய நோட்டு மேஜையில் விரிந்து கிடந்தது.
கணுக்கால் வழியாகக் குளிர், என்று ஒரு வரி,
அடியில் இரண்டு கோடு.
கதவோரம் பூட்ஸ்
மூன்று ஜோடிதான் மிச்சம்.

மூவருக்கும் ஒரே நேரத்தில்
மேஜைக்கடியில் கால் சில்லிட்டது.

கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயாச்சு.